தராசுடன் தோட்டத்துக்குப் போன பாதிரியார்

திராட்சையில் கவாத்து செய்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மண்ணில் ஈரம் இருக்கும்போது வெட்டினால், வெட்டுவாயிலிருந்து தெளிந்த நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். சில நேரம் நாள் கணக்கில் நிற்காது. புதிதாகத் தோட்டம் போட்டவர் பதறிப் போவார். பழகியவர், தானாக நின்றுவிடும் என்று போய்விடுவார்.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு, இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றங்கரைக் கிராமமான டெடிங்டனில், ஒரு பாதிரியாரும் இப்படித்தான் பதறினார். ஒரு பழைய திராட்சைக்கொடி, வெட்டக் கூடாத பருவத்தை ஒட்டி வெட்டப்பட்டுவிட்டது. நீர் வடிந்து வடிந்தே கொடி செத்துவிடுமோ என்று பயந்து, அதை நிறுத்த என்னென்னவோ செய்து பார்த்தார். எதற்கும் கட்டுப்படவில்லை. கடைசியில், வெட்டுவாயின் மேல் ஆட்டுத்தோல் பை போன்ற ஒரு சவ்வை இழுத்துக் கட்டினார். சற்று நேரத்தில் அந்தச் சவ்வு பலூன் போல உப்பி விறைத்தது.

வேறு யாராவது இருந்திருந்தால் இன்னும் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். இவருக்கு வந்த சந்தேகம் வேறு. இது என்ன விசை? எவ்வளவு விசை? அளந்தால் தெரியுமே என்று தோன்றியது. வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது என்று இன்று நாங்கள் வேளாண் கல்லூரியில் சொல்லித் தரும் பாடத்தின் தொடக்கம் அந்தச் சவ்வுதான். அவர் பெயர் ஸ்டீபன் ஹேல்ஸ்.

குதிரையிலிருந்து கொடிக்கு

ஹேல்ஸ் 1677-இல் கென்ட் மாவட்டத்தின் பெக்ஸ்போர்ன் என்ற ஊரில், வசதியான குடும்பத்தில் பிறந்தார். அண்ணன்மார் பலர் இருந்த வீட்டில் இளைய பிள்ளைக்குச் சொத்து வராது. இறைப்பணிக்குப் போவதுதான் அந்தக் கால வழக்கம். 1696-இல் கேம்பிரிட்ஜின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் சேர்ந்தார். அதே ஆண்டுதான் நியூட்டன் கேம்பிரிட்ஜை விட்டு லண்டன் நாணயச் சாலைக்குப் போனார். ஆள் போனாலும் அவருடைய காற்று அங்கே வீசிக்கொண்டிருந்தது. எதையும் எடை போடு, அளந்து பார், எண்ணில் சொல் என்ற அந்தப் பழக்கம் ஹேல்ஸைப் பிடித்துக்கொண்டது.

கல்லூரியில் வில்லியம் ஸ்டக்லி என்ற இளைஞர் நண்பரானார். இருவரும் ஜான் ரே எழுதிய தாவரப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வயல் வெளிகளில் செடி தேடினார்கள். தவளையை அறுத்துப் பார்த்தார்கள். நாயின் நுரையீரலுக்குள் ஈயத்தை உருக்கி ஊற்றி அச்சு எடுத்தார்கள். பாதிரியார் படிப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று இன்று நாம் கேட்கலாம். அவர்களுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. படைப்பை அளப்பது படைத்தவரை அறியும் வழி என்பது அவர்கள் நம்பிக்கை.

1709-இல் டெடிங்டன் தேவாலயத்துக்கு வந்தார். சாகும் வரை, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல், அந்த ஊரை விட்டு அவர் நகரவில்லை. பின்னாளில் விண்ட்சரில் பெரிய பதவி தேடி வந்தபோதும் வேண்டாம் என்றார்.

டெடிங்டனில் முதலில் அவர் கை வைத்தது விலங்குகள் மீது. உயிருள்ள குதிரையின் தமனியில் குழாயைச் செருகி, நீண்ட கண்ணாடிக் குழாயில் ரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்தார். ஒரு குதிரையில் எட்டு அடிக்கு மேல் ஏறியது. உலகில் முதன்முதலாக ரத்த அழுத்தத்தை அளந்தவர் அவர்தான். ஆனால் அந்தக் குதிரைகள் பிழைக்கவில்லை. பக்கத்து ட்விக்கனமில் குடியிருந்த கவிஞர் அலெக்சாண்டர் போப் அவரிடம் மிகுந்த மதிப்பு வைத்திருந்தவர். இந்தச் சோதனைகளை மட்டும் அவரால் ஏற்க முடியவில்லை. எனக்கும் அந்தப் பக்கங்கள் எளிதாகக் கடந்துபோக முடியாதவை. ஹேல்ஸுக்கே அந்த வேலை வெறுத்துப்போய், பல ஆண்டுகள் அதைத் தொடாமல் விட்டார்.

1720-இல் அவருக்குத் திருமணம் நடந்தது. மறு ஆண்டே மனைவி மேரி இறந்துபோனார். குழந்தை இல்லை. ஹேல்ஸ் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பிந்தைய ஆண்டுகள்தான் தோட்டத்திலும் கண்ணாடிக் குழாய்களோடும் கழிந்த ஆண்டுகள்.

ஒரு சூரியகாந்தியின் கணக்கு

1724 ஜூலை 3. மூன்றரை அடி உயரச் சூரியகாந்தி ஒன்று தொட்டியில் நிற்கிறது. ஹேல்ஸ் அந்தத் தொட்டியின் வாயை மெல்லிய ஈயத் தகட்டால் மூடி, தண்டைச் சுற்றியுள்ள இடைவெளிகளையும் பூசி அடைத்தார். தண்ணீர் ஊற்ற ஒரு துளை விட்டு, அதற்குத் தக்கை போட்டார். இனி மண்ணிலிருந்து நேராக ஆவியாகும் வழி இல்லை. எடை குறைந்தால் அது செடி வழியாகப் போனதுதான். ஆகஸ்ட் 8 வரை, காலையும் மாலையுமாகப் பதினைந்து நாள் எடை பார்த்தார்.

பகல் பன்னிரண்டு மணி நேரத்தில் செடி சராசரியாக 20 அவுன்ஸ் நீரை வெளியேற்றியது. நம் கணக்கில் அரை லிட்டருக்குச் சற்று மேல். நல்ல வெயில் காய்ந்த ஒரு நாளில் 30 அவுன்ஸ், அதாவது 850 மில்லி. பனி இல்லாத வெப்பமான இரவில் வெறும் 3 அவுன்ஸ். பனி பெய்த இரவில் இழப்பே இல்லை. கனத்த பனியோ மழையோ இருந்தால் எடை கூடவும் செய்தது.

அதோடு விடவில்லை. இலைகளை எல்லாம் வெட்டிப் பரப்பளவு எடுத்தார்: 39 சதுர அடி. வேர்களைக் கழுவி அளந்து கணக்கிட்டார்: மொத்த நீளம் 1,448 அடி. ஏறக்குறைய 440 மீட்டர், ஒரே செடிக்கு! எடைக்கு எடை ஒப்பிட்டால் அந்தச் செடி ஒரு மனிதரை விடப் பதினேழு மடங்கு நீரைக் கையாள்கிறது என்று முடிவு கட்டினார். முட்டைக்கோஸ், திராட்சை, ஆப்பிள், எலுமிச்சை என்று மற்ற செடிகளையும் இப்படியே எடை போட்டார். முட்டைக்கோஸ் சூரியகாந்திக்கு நெருங்கி வந்தது. என்றும் பசுமையாக நிற்கும் எலுமிச்சை அதில் மூன்றில் ஒரு பங்குகூடச் செலவழிக்கவில்லை.

இன்று பயிரின் நீர்த்தேவையைக் கணக்கிட நாங்கள் பயன்படுத்தும் எடைக்கலம் என்பது, மின்னணுத் தராசு பொருத்திய ஹேல்ஸின் பூந்தொட்டிதான். இலைப்பரப்பு, வெயில், காற்றின் ஈரம் இந்த மூன்றும் சேர்ந்துதான் பயிரின் நீர்ச் செலவை முடிவு செய்கின்றன. பாசனத்துக்கு நாள் கணக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வெயிலையும் பயிரின் வளர்ச்சியையும் பார்க்காமல் தண்ணீர் விடும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை.

தள்ளுவதா, இழுப்பதா?

இப்போது திராட்சைக்கொடிக்குத் திரும்புவோம். தரையிலிருந்து ஏழு அங்குலத்தில் வெட்டிய கொடியின் மேல் கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார் ஹேல்ஸ். நீர் ஏறியது. அதன் மேல் இன்னொரு குழாய், அதன் மேல் மற்றொன்று. அவரிடம் இருந்த குழாய் உயரம் போதாமல், வளைந்த குழாயில் பாதரசம் ஊற்றி அழுத்தத்தைப் பார்த்தார். ஒரு கொடியில் பாதரசம் 38 அங்குலம் ஏறியது. தண்ணீராகச் சொன்னால் 43 அடிக்கு மேல். குதிரையின் தமனியில் பாயும் ரத்தத்தைப் போல ஐந்து மடங்கு விசை!

இந்த இடத்தில்தான் ஹேல்ஸ் யார் என்பது எனக்குப் புரிகிறது. இப்படி ஓர் எண் கையில் கிடைத்தவர், வேர் ஒரு பம்பு, அதுதான் மரத்தின் உச்சி வரை நீரைத் தள்ளுகிறது என்று அறிவித்துவிட்டுப் போயிருக்கலாம். எல்லோரும் நம்பியிருப்பார்கள். அளந்து காட்டியவர் வேறு யாரும் இல்லை. ஆனால் அவர் வேறு பருவங்களிலும் அளந்தார். இலை துளிர்க்கும் முன்பு, வசந்தத்தில்தான் கொடி இப்படித் தள்ளுகிறது. இலை விரிந்த பின் கோடையில், வெட்டிய தண்டிலிருந்து எதுவும் வடிவதில்லை. குழாயில் ஊற்றிய தண்ணீரைத்தான் அது உள்ளே இழுத்துக்கொள்கிறது. நீர் மிக அதிகமாகத் தேவைப்படும் பருவத்தில் அந்தப் பம்பு ஓடவே இல்லை!

ஆகவே, கண்டுபிடித்த விசையை ஓரமாக வைத்துவிட்டு, இழுக்கும் விசையைத் தேடிப் போனார். ஒரே மரத்தில் ஒத்த அளவுக் கிளைகளை வெட்டி, சிலவற்றில் இலைகளை உருவிவிட்டு, எல்லாவற்றையும் தண்ணீரில் நிறுத்தினார். இலை உள்ள கிளைகள் ஒரு பகலில் 15 முதல் 30 அவுன்ஸ் வரை குடித்தன. இலை இல்லாதவை ஒரு அவுன்ஸ். இன்னொரு நாள், காய்க்கும் பேரி மரத்தின் வேர் வரை இரண்டரை அடி தோண்டினார். அரை அங்குலப் பருமனுள்ள வேரின் முனையை வெட்டி, நீர் நிரப்பிய குழாயில் செருகி, குழாயின் கீழ்வாயைப் பாதரசத்தில் வைத்தார். ஆறே நிமிடத்தில் பாதரசம் எட்டு அங்குலம் மேலே வந்தது. மரம் அத்தனை வேகமாக உறிஞ்சியது.

அவர் வந்து சேர்ந்த முடிவு இது. தண்டில் உள்ள நுண்குழாய்களுக்கு நீரை ஏற்றி வைத்துக்கொள்ளும் தன்மை உண்டு. ஆனால் அதைத் தொடர்ந்து ஓடவைப்பது இலை. இலையிலிருந்து நீர் ஆவியாகப் போகப் போக, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து நீர் வருகிறது.

அந்தக் காலத்தில் பெரிய அறிஞர்கள் பலர், ரத்தம் உடலில் சுற்றுவது போலச் செடியிலும் சாறு சுற்றி வருகிறது என்று நம்பினார்கள். ஹேல்ஸ் அதை மறுத்தார். இதில் அவர் சொன்னது பாதி சரி. இதயம் போன்ற ஓர் உறுப்பும் ஒரே சாறு சுற்றி வருவதும் செடியில் இல்லை. ஆனால் இலையில் தயாராகும் சர்க்கரை பட்டை வழியாகக் கீழே இறங்கும் தனிப் பாதை ஒன்று உண்டு. அதை அவர் தெளிவாகப் பிடிக்கவில்லை. மேலே ஏறும் பாதையை சைலம் என்றும், சர்க்கரை போகும் பாதையை ஃபுளோயம் என்றும் இன்று சொல்கிறோம். தென்னை, பனையில் இறக்கும் பதநீர் இந்த இரண்டாவது பாதையில் வருவது, அதனால்தான் இனிக்கிறது. திராட்சை வெட்டுவாயில் வடிவது முதல் பாதையின் நீர். அதில் பெரும்பாலும் தண்ணீரும் மண்ணின் உப்புச்சத்துகளும்தான்.

அவர் ஓரமாக வைத்த வேர் அழுத்தமும் பொய்யல்ல. விடியற்காலையில் நெல் நாற்றங்காலில் ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு முத்து நிற்குமே, அதைப் பனி என்றே நாம் சொல்கிறோம். அதில் பெரும்பங்கு, இரவில் வேர் தள்ளிவிட்ட நீர். நாற்றின் வேர் நலமாக வேலை செய்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

கற்பூரச் சாராயம் ஏறிய ஆப்பிள் மரம்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. பாடநூல்களில் இதைப் பார்த்ததாக நினைவில்லை. பழத்துக்கு வேறு மணம் ஏற்ற முடியுமா என்று ஹேல்ஸ் ஆசைப்பட்டார். கற்பூரம் கரைத்த சாராயத்தை ஆப்பிள் மரக் கிளைக்கு உறிஞ்சக் கொடுத்தார். மரத்தில் பாதி பட்டுப்போயிற்று. கிளையிலும் இலைக் காம்புகளிலும் கற்பூர வாசம் தூக்கலாக வீசியது. பழம் அதன் பிறகும் பல வாரம் தொங்கியது. கடித்துப் பார்த்தால், பழைய ஆப்பிள் சுவைதான்! திராட்சையில் ஆரஞ்சுப் பூ நீரைக் கொடுத்தபோதும் இதே கதை. தண்டில் மணம் உண்டு, பழத்தில் இல்லை.

காரணம் அவருக்குத் தெரிய வழியில்லை. நமக்குத் தெரியும். மேலே ஏறும் நீர், ஆவி எங்கே அதிகமாகப் போகிறதோ அங்கே போகும். இலையில் துளைகள் ஏராளம். வளர்ந்த காயின் தோலில் ஆவி போவது மிகக் குறைவு. காய்க்கு வேண்டியதில் பெரும்பங்கு ஃபுளோயம் வழியாக வருகிறது.

தக்காளிக் காயின் அடிப்பாகம் கறுத்துக் குழிவிழுந்து அழுகுவதைப் பார்த்திருப்பீர்கள். பூச்சியா, பூஞ்சாணமா என்று மருந்து வாங்கி அடிப்பவர்கள் உண்டு. அது காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போதாததால் வருவது. சுண்ணாம்புச் சத்து சைலம் பாதையில் நீரோடு ஏறும். ஃபுளோயத்தில் நகராது என்றே சொல்லிவிடலாம். எனவே மண்ணில் சுண்ணாம்பு நிறைய இருந்தும், இலையில் போதுமான அளவு இருந்தும், காய் பட்டினி கிடக்கலாம். ஒரு வாரம் காயவிட்டு அடுத்த வாரம் வெள்ளமாகப் பாய்ச்சும் வயலில் இது அதிகம். சீரான பாசனம், அளவான தழைச்சத்து, இவைதான் முதல் மருந்து. மருந்துக்கடைக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

பற்றாக்குறை எந்த இலையில் முதலில் தெரிகிறது என்பதும் இதே கதைதான். தழைச்சத்தும் சாம்பல்சத்தும் ஃபுளோயத்தில் நகரும். பற்றாக்குறை வந்தால் செடி அடி இலையிலிருந்து அவற்றை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பும். அதனால் அடி இலை முதலில் கெடும். சுண்ணாம்பும் போரானும் அப்படி எளிதில் திரும்பி வராதவை. பாதிப்பு கொழுந்தில் தெரியும்.

மண்ணின் சத்து நீரில் கரைந்தே ஏறுகிறது என்ற எண்ணம் ஹேல்ஸுக்கு முன்பே இருந்தது. 1699-இல் ஜான் உட்வர்ட் என்பவர் புதினாவை மழைநீர், தேம்ஸ் நீர், மண் கலக்கிய நீர் என்று பலவற்றில் வளர்த்து, கலங்கிய நீரில்தான் நன்றாக வளர்கிறது என்று காட்டியிருந்தார். ஹேல்ஸ் அதற்கு இன்னொன்றைச் சேர்த்தார். செடி தன் உணவில் ஒரு பங்கைக் காற்றிலிருந்தும் இலை வழியாக எடுக்கிறது என்று ஊகித்தார். அது எந்தக் காற்று என்று தெரிய இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

இந்தச் சோதனைகளை எல்லாம் தொகுத்து 1727-இல் ‘வெஜிடபிள் ஸ்டாட்டிக்ஸ்’ என்ற நூலாக வெளியிட்டார். அச்சிட அனுமதித்து ராயல் சொசைட்டி தலைவராகக் கையெழுத்திட்டவர் நியூட்டன். அடுத்த மாதம் அவர் காலமானார். 1735-இல் பஃபோன் அந்த நூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார்.

பம்பு இழுக்காத உயரம்

ஹேல்ஸ் விட்டுச் சென்ற ஒரு முடிச்சு உண்டு. கிணற்று மேட்டில் வைத்த மோட்டார், 25 அடிக்குக் கீழே போன தண்ணீரை இழுக்கத் திணறும் என்பது நம் விவசாயிகளுக்குத் தெரிந்ததே. எவ்வளவு நல்ல மோட்டாரானாலும் 33 அடிக்கு மேல் உறிஞ்ச முடியாது. காற்றழுத்தம் தாங்குவது அவ்வளவுதான். அப்படியானால் நூறு அடி மரத்தின் உச்சி இலை எப்படி இழுக்கிறது?

1894-இல் அயர்லாந்தின் டப்ளினில் டிக்சன், ஜோலி என்ற இருவர் இதற்கு விடை சொன்னார்கள். மயிரிழை போன்ற குழாயில், காற்றுக் குமிழி இல்லாமல் நிற்கும் நீர், கயிறு போல அறுபடாமல் இழுபடும். நீர்த்துகள்கள் ஒன்றையொன்று அவ்வளவு இறுகப் பற்றியிருக்கின்றன. குமிழி புகுந்தால் மட்டும் கயிறு அறுந்துவிடும், மோட்டார் குழாயில் காற்றுப் பிடித்தது போல. கடும் வறட்சியில் மரங்கள் பட்டுப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். நம் ஜகதீஷ் சந்திர போஸ் 1923-இல் எழுதிய நூலில், தண்டின் உயிரணுக்கள் துடித்து நீரை ஏற்றுகின்றன என்று வாதிட்டார். பெரிய மனிதர், நுட்பமான கருவிகள் செய்தவர். ஆனாலும் அந்தக் கருத்து நிலைக்கவில்லை. நஞ்சு ஏற்றி உயிரணுக்களைக் கொன்ற மரத்தண்டிலும் நீர் ஏறுவதை ஜெர்மனியில் ஸ்ட்ராஸ்பர்கர் அதற்கு முன்பே காட்டியிருந்தார்.

ஊருக்கு வந்த தண்ணீர்

பிற்காலத்தில் ஹேல்ஸ் ஊர் வேலைகளில் இறங்கினார். சாராயக் குடிக்கு எதிராக எழுதினார். கப்பல், சிறை, மருத்துவமனை, தானியக் கிடங்கு என்று காற்று அடைந்துகிடந்த இடங்களுக்கெல்லாம் காற்றூட்டும் துருத்திகள் செய்து கொடுத்தார். இலைக்குக் காற்று என்றால் மனிதருக்கும் காற்று என்ற கணக்குதான். கண்டிப்பும் உண்டு, ஒழுக்கம் தவறியதாக அவர் கருதிய பெண்களைக் கோயிலில் எல்லோர் முன்பும் நிற்க வைத்துப் பிராயச்சித்தம் செய்யச் சொன்னார். அதே மனிதர், இருட்டில் யாரும் முட்டிக்கொள்ளக் கூடாது என்று நடைபாதைக் கம்பங்களின் தலையில் தன் கையாலேயே வெள்ளை அடித்தார். இளவரசி அகஸ்டாவுக்கு நெருக்கமான மத ஆலோசகராக இருந்தபோதும் இந்த வேலைகளை விடவில்லை.

1754-இல் டெடிங்டனுக்கு நல்ல தண்ணீர் கொண்டுவர ஏற்பாடு செய்தார். அந்த ஆண்டுக் கோயில் பதிவேட்டில், ஞானஸ்நானக் கணக்குக்கும் அடக்கக் கணக்குக்கும் நடுவில், அவர் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். வரும் நீர் இரண்டு குவார்ட் பாத்திரத்தை, விநாடிக்கு ஒன்றாக ஆடும் ஊசலின் மூன்று ஆட்டத்தில் நிரப்புகிறது. பின்னால் வருபவர் சரிபார்த்துக்கொள்ள வசதியாக, அந்த ஊசலின் நீளத்தையும் எழுதியிருக்கிறார்: ஆணியிலிருந்து குண்டின் நடு வரை 39 அங்குலமும் அதற்கு மேல் ஓர் அங்குலத்தில் பத்தில் இரண்டு பங்கும்.

1761 ஜனவரி 4 அன்று, 83 வயதில் இறந்தார். அதே கோயிலின் கோபுரத்துக்கு அடியில் அவரை அடக்கம் செய்தார்கள்.